இரண்டு விரல் தண்ணீர்

மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் போட்ட கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது தண்ணீர். ஷிப்ட் முடிந்து வந்த செபாஸ்டின் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மீன் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்து கோட்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செலினு."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"செலினு, இங்க வந்து பாரு. இன்னிக்கும் எறங்கியிருக்குது."

மரிய செலின் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அங்கன்வாடியில் இருபத்தெட்டுக் குழந்தைகளைச் சமாளித்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

"ஏங்க, அடிக்கற வெயிலுக்கு ஆவியாப் போவாதா? மேல ஃபேன் வேற ஓடுது."

"ஆவியா இவ்ளோ தண்ணி போவுமா? அப்படிப் போனா நம்ம ஊரு ஏரி இந்நேரம் காணாமப் போயிருக்கணும்."

"போயிடுச்சே. நீங்க அந்தப் பக்கம் போறதே இல்லியா?"

செபாஸ்டின் முறைத்தார். "நீ ஏதாச்சும் தொட்டியா?"

"நான் தொட்டிருந்தா மீனோட சேத்து வெளிய ஊத்தியிருப்பன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் செலின்.

அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருடமாக அவருக்கு ஒழுக்குப் பார்க்கிற வேலை. தொட்டிக்குள் காற்றை ஏற்றி, மேலே சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு தொட்டியும் லாரி ஏறாது. ஊரார் வீட்டு மொட்டைமாடியில் எல்லாம் ஒழுகாத தொட்டியை அனுப்பி வைத்த மனிதரின் வீட்டில், அவர் கண்ணெதிரே, ஒரு மூன்றடித் தொட்டி இரண்டு வாரமாக அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

தொட்டி வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தவளக்குப்பத்தில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் சிநேகிதர் புகழ்வேந்தன் தன் கையாலேயே கண்ணாடி வெட்டி ஒட்டிக் கொடுத்தது. நான்கு ஏஞ்சல் மீன், ஒரு டஜன் மாலி, அடியில் மேய ஒரு கெளுத்தி. அன்றிலிருந்து செபாஸ்டினிடம் மாட்டியவர்கள் தப்பியதில்லை. டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், எங்கே நின்றாலும் மீன் வளர்ப்பைப் பற்றி வகுப்பு எடுத்துவிடுவார். பங்குச் சாமியாரே ஒருமுறை இவர் நிற்பதைப் பார்த்துப் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள்.

சரி, ஆவி என்கிறாளே, அதையும் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினார். வழக்கம்போலத் தொட்டியைக் கோடுவரை நிரப்பி, கண்ணாடிப் பலகையால் மூடினார். ஸ்டாண்டைச் சுற்றித் தரையில் செய்தித்தாள் விரித்துவிட்டு வேலைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது செலின் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஏஞ்சல் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. செய்தித்தாள் அப்பளம் போல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் இரண்டு விரல் கீழே இருந்தது.

"தரை காஞ்சிதான இருக்குது. எங்க ஒழுவுது?" என்றாள் செலின்.

"அதான் டேஞ்சரு. தெரியற ஒழுக்கு ஒண்ணும் பண்ணாது, அடச்சிடலாம். தெரியாத ஒழுக்குதான் கம்பெனியவே மூட வெக்கும். இது மைக்ரோ லீக்கு."

"மீனுங்க மூச்சு முட்டிச் சாவுதுங்க. நானுந்தான். மொதல்ல அந்த டேப்ப எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் தொட்டியின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலை முதல் பொழுது சாயும்வரை இமைக்காமல் பார்த்தார். தண்ணீர் ஒரு மயிரிழை இறங்கவில்லை.

"நான் பாத்துக்கினு இருந்தா ஒழுவ மாட்டங்குது."

"அதுக்கும் உங்களக் கண்டா பயம் போல."

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தார். இரண்டு விரல். வண்டியை நேராகத் தவளக்குப்பத்துக்கு விட்டார்.

புகழ்வேந்தன் கடையில் பாகூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் இரண்டடித் தொட்டி ஒன்றைத் தூக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செபாஸ்டின் படியேறும்போதே ஆரம்பித்தார்.

"நீ ஒட்டுன தொட்டி ஒழுவுது."

"உக்காருடா. டீ சொல்றன்."

"டீ வேணாம். ஒழுவுது."

"தரை ஈரமா இருக்குதா?"

"இல்ல."

"ஸ்டாண்டு ஈரமா?"

"இல்ல."

"அப்புறம் எங்கடா ஒழுவுது, மேல் பக்கமாவா?"

பாகூர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் செபாஸ்டினுக்கு எல்லாம் கெட்டது.

"பதினெட்டு வருஷம் லீக்கு பாத்தவண்டா நானு. உங்கிட்ட வந்து கத்துக்கணுமா? மட்டமான சிலிக்கான் போட்டு ஒட்டி ஊர ஏமாத்திக்கினு இருக்கற. ஒத்துக்கோ."

அந்த மனைவி கணவனின் கையைத் தொட்டாள். இருவரும் தொட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் படி இறங்கினார்கள். அவர்கள் சாலையைக் கடந்து பஸ் ஏறும்வரை புகழ்வேந்தன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆறாவதுலருந்து ஒரே பெஞ்சு நம்ம" என்றார் பிறகு. குரல் உயரவில்லை. "நீ வண்டில அடிபட்டு ஆஸ்பத்திரில கெடந்தப்ப பதினோரு நாளு ஒன் கட்டிலுக்குக் கீழ படுத்தன். இன்னிக்குக் கடைக்கு வந்தவங்க எதுர்ல என்ன ஏமாத்துக்காரன்ற. போயிடு. இனிமே இந்தப் படி ஏறாத."

"ஏற மாட்டன்."

"போறப்ப கைல இருக்கற சிலிக்கான எடுத்த எடத்துல வெச்சிட்டுப் போ."

செபாஸ்டின் கையைப் பார்த்தார். பேச்சுவாக்கில் அலமாரியிலிருந்து ஒரு குழாயை எடுத்திருந்தார். அதை ஓங்கி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வில்லியனூரில் வண்டியை நிறுத்தி ஒரு ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் கேட்டார்.

"பாத்ரூம் டைல்ஸ் ஒட்டறதுதான் இருக்குது சார்" என்றார் கடைக்காரர்.

"தண்ணிதான, குடு."

மறுநாள் லீவு போட்டார். செலினின் தம்பி சகாய சுரேஷைத் துணைக்குக் கூப்பிட்டார். மீன்களைத் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றி, கண்ணாடித் தொட்டியைக் காலி செய்து, இருவருமாகத் தூக்கிப் பாயில் படுக்கவைத்தார்கள். செபாஸ்டின் பிளேடை எடுத்துப் பழைய ஒட்டைச் சுரண்டத் தொடங்கினார். அது லேசில் வருவதாக இல்லை. இரண்டு பிளேடு உடைந்தது.

"மாமா, இவ்ளோ கெட்டியா இருக்குதே. இதுவா ஒழுவுது?"

"நீ கண்ணாடியப் புடி."

உள்பக்கம் பூசியிருந்ததைச் சுரண்டியதோடு அவர் நிற்கவில்லை. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்ததையும் கத்தி விட்டுத் தோண்டினார். புதிய சிலிக்கானைத் தாராளமாகப் பூசி விரலால் வழித்துவிட்டார். குழாயின்மேல் இரண்டு நாள் காயவிடச் சொல்லி எழுதியிருந்தது. இந்த வெயிலுக்கு ஒரு நாளே அதிகம் என்று முடிவு செய்தார். அது காய்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று மணலையும் ஃபில்டரில் இருந்த பஞ்சையும் சோப்புத் தூள் போட்டுத் துவைத்துக் கொடியில் காயவைத்தார். எட்டு மாதமாகத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்த நல்ல கிருமிகள் எல்லாம் நுரையோடு சாக்கடைக்குப் போயின. அந்தக் கிருமிகளைப் பற்றித் தெருவில் பாதிப் பேருக்கு வகுப்பு எடுத்தவர் அவர்தான். கோபத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாளும் லீவு. காலை பத்து மணிக்குத் தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, மார்க்கர் கோடுவரை தண்ணீர் நிரப்பினார். அன்று அங்கன்வாடிக்கு விடுமுறை. செலின் ஹாலில் பாய் விரித்து, குழந்தைகளின் எடையை எழுதும் நோட்டுகளைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தாள். மேலதிகாரி பார்வையிட வரப்போகிறார் என்று ஒரு வாரமாக அவளுக்கு அதே வேலை.

"பாருடா சுரேஷு. ஒரு சொட்டு வருதா? இதுதான் வேல."

சுரேஷ் குனிந்து பார்த்தான். "மாமா, முன்கண்ணாடி கொஞ்சம் முன்னால வர்ற மாதிரி தெரியல?"

"அது ஒன் கண்ணு..."

பிசின் பிரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முன்கண்ணாடி கதவைத் திறப்பதுபோல நிதானமாகச் சாய்ந்தது. அதன் பிறகு நிதானம் எதுவும் இல்லை. மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் ஹாலுக்குள் இறங்கியது. அரிசி மூட்டை நனைந்தது, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த ஸ்டெபிலைசர் புகைந்தது, செலினின் நோட்டுகள் வாசல்வரை மிதந்து போயின. அத்தனை கண்ணாடி உடைந்தும் யார் காலிலும் ஒரு கீறல் படாததுதான் ஆச்சரியம்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையலம்மாள் கையில் துடைப்பத்தோடு வந்து, எதுவும் கேட்காமல் தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கினாள்.

"யாரும் உள்ள வராதீங்க, கண்ணாடி" என்று கத்தினார் செபாஸ்டின். "இதுக்குக் காரணம் அவன்தான். அந்தத் தவளக்குப்பத்துக்காரன்தான்."

செலின் கத்தவில்லை. நோட்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். நீல மை கரைந்து இருபத்தெட்டுக் குழந்தைகளும் ஒரே எடைக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொரு நோட்டாகக் கொடியில் பிரித்துத் தொங்கவிட்டாள். பிறகு மீன் இருந்த பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"சுரேஷு, ஆட்டோ கூப்புடு."

"மீன எங்க எடுத்துக்கினு போற?" என்றார் செபாஸ்டின்.

"மீன் வளக்கத் தெரிஞ்சவங்ககிட்ட."

மதியம் வெறும் தொட்டியோடு திரும்பி வந்தாள். "புகழண்ணங்கிட்ட குடுத்துட்டன். எதுக்கு, ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. பேச்சு அப்புறம், மொதல்ல இதுங்களுக்கு மூச்சு வரட்டும்னு வாங்கித் தண்ணில வுட்டாரு."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கோபம் தணிந்திருக்கும். செபாஸ்டினுக்கு அது தலைக்கு ஏறியது. தொட்டியும் போய், மீனும் போய், கடைசியில் புகழ்வேந்தன் நல்லவன் ஆகிவிட்டானா? வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் புகார். தரமற்ற பொருளால் ஒட்டப்பட்ட மீன் தொட்டி, தினசரி நீர் இழப்பு, மன உளைச்சல், குடும்பத்தில் அமைதிக்குறைவு என்று நான்கு பக்கம் எழுதினார். சாட்சி என்று போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

"சுரேஷு, கையெழுத்து போடு."

"மாமா, பிளேடு போட்டது நாம. நான் எப்படிப் போடறது?" என்று சுரேஷ் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"செலினு."

"நான் போட மாட்டன். நீங்க அவரு வூட்டுக்குப் போயி மன்னிப்பு கேக்கறவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க."

"தப்பு பண்ணாதவன் எதுக்குடி மன்னிப்பு கேக்கணும்?"

செலின் கொடியில் தொங்கிய நோட்டுகளைத் திருப்பிப் போடப் போனாள்.

மறுநாள் காலை, புகாரை உறையில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு செபாஸ்டின் வாசற்படியில் நின்றிருந்தார். செலின் காய்ந்த நோட்டுகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தையலம்மாள் இடுப்பில் வாளியோடு கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள்.

"வேலைக்குப் போவலியாப்பா? வூட்ல யாரும் இருக்க மாட்டீங்கன்னு கொழா தண்ணி புடிச்சி வெக்க வந்தன்."

"அக்கா, நல்ல நேரத்துல வந்த. ஒன்ன ஒண்ணு கேக்கணும், நெஞ்சத் தொட்டு நாயமா சொல்லு. சாவிய வாங்கி வெச்சிக்கினு தெனம் காலைல எங்க வூட்டுக்கு வந்து போற ஆளு நீ. அந்த மீன் தொட்டில ரெண்டு வாரமா தண்ணி கொறஞ்சிக்கினே இருந்துதா, இல்லியா?"

"இருந்துது."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தன்."

செபாஸ்டின் செலினைத் திரும்பிப் பார்த்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கேட்டுக்கோ. யாரோ ஒருத்தராச்சும் இந்த ஊர்ல உண்மைய சொல்றாங்க. அக்கா, அது எப்படிக் கொறஞ்சிதுன்னு ஒன் வாயாலயே சொல்லு. அப்படியே எழுதிக்கறன். அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு. அந்தப் புகழ்வேந்தன கோர்ட்ல ஏத்தாம வுட மாட்டன்."

செலின் நோட்டைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள். தையலம்மாள் வாளியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, இதில் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"எப்படின்னா? நான்தான தெனம் ஒரு பக்கெட்டு மொண்டுக்கினு போறன். மீன் தண்ணி ரோஜா செடிக்கு எருவு மாதிரி, தாராளமா எடுத்துக்கோக்கான்னு அன்னிக்கு அரைமணி நேரம் என்ன நிக்க வெச்சிச் சொன்னவன் நீதானப்பா."