மாண்பு மேடைக்குப் பதினாறு குழிகள்

உலக வரலாற்றில் பெண்ணினத்தை உயர்த்தப் பாடுபட்டவர்களின் பட்டியலை யாராவது நேர்மையாகத் தயாரித்தால், முதல் பதினொரு இடங்களும் எங்கள் கிரிக்கெட் சங்கத்தின் 'மகளிர் மேம்பாட்டுக் குழு'வுக்கே வந்து சேரும். பதினோராவது இடம் அடியேனுடையது. நான் குழுவின் செயலாளர். குழுவில் பதினொரு பேரும் ஆண்கள். இதைச் சிலர் குறையாகச் சொல்லித் திரிகிறார்கள். விவரம் தெரியாதவர்கள். பெண்களையும் குழுவில் சேர்த்துவிட்டால் அவர்களும் மேம்படுத்தும் வேலையில் இறங்கிவிடுவார்கள். அப்புறம் மேம்படுவதற்கு ஆள் வேண்டாமா?

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த வருடம்தான் ஒரு வெளிநாட்டு மகளிர் அணி எங்கள் நாட்டுக்குச் சுற்றுப்பயணம் வந்தது. மூன்று ஒருநாள் ஆட்டங்கள். வரவேற்பு ஏற்பாடுகளில் நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து ஓட்டல் வரை பேனர். ஒவ்வொரு பேனரிலும் குழுவினர் பதினொரு பேரின் சிரித்த முகம். கீழே ஓர் ஓரத்தில் வீராங்கனைகளின் படமும் இருந்தது. கண்ணாடி போட்டவர்கள் பார்த்திருப்பார்கள். எங்கள் அணிக்குப் புதுச் சீருடையும் கொடுத்தோம். ஆண்கள் அணிக்குப் போன வருடம் தைத்து மிஞ்சியவை. ஒரே சட்டைக்குள் இரண்டு பேர் ஓடலாம் போல இருந்தது என்பது உண்மைதான். ஆனால் வளர்ச்சிக்கு இடம் விட்டுக் கொடுப்பதுதானே மேம்பாடு!

இந்த இடத்தில் 'தபால்' என்ற வேகப்பந்து வீச்சாளரை அறிமுகப்படுத்த வேண்டும். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் பிரிவில் தற்காலிக ஊழியர் என்பதால் அந்தப் பெயர். பத்து வருடமாகத் தற்காலிகம். அவளுடைய துறையில் ஒரு விதி இருக்கிறது: சர்வதேச ஆட்டங்களில் நூறு விக்கெட் எடுத்த ஊழியருக்கு வேலை நிரந்தரம், முப்பத்தைந்து வயது முடிவதற்குள் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும், தவறினால் தற்காலிக வேலையும் போய்விடும். முதல் இரண்டு ஆட்டங்கள் முடிந்தபோது தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. தபால் தொண்ணூற்றேழில் நின்றாள். மூன்றாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பெரிய மைதானத்தில். செவ்வாய்க்கிழமை அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது.

வியாழக்கிழமை காலையிலேயே அவள் என் அறைக்கு வந்துவிட்டாள். கூடவே அவளுடைய அக்கா. அக்கா தையல்காரி, அந்தப் பதினொரு சீருடைகளையும் பிரித்து அளவுக்குத் தைத்துக் கொடுத்தது அவர்தான். நூல் செலவுக்குக்கூட எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் அவர் தன்மானத்தைப் புண்படுத்தவில்லை.

"சார், ஞாயித்துக்கிழமை மூணு விக்கெட் எடுத்துட்டேன்னா, திங்கக்கிழமையே சர்ட்டிபிகேட் குடுத்துடுவீங்களா? ஒரு நாள் தள்ளினாகூட வாங்க மாட்டாங்க சார்."

"நீ எடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

"இல்ல சார், நீங்க மறந்துட்டீங்கன்னா..."

"என்னம்மா நீ! உங்களுக்காகத்தானே நான் உக்காந்திருக்கேன்!"

அக்கா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார் இவ்வளவு சொல்றாரு, வாடி" என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை அவ்வளவாக இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆட்டத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, அதே மைதானத்தில் 'மகளிர் மாண்பு விழா' என்று குழு முடிவு செய்திருந்தது. மேடை எங்கே போடுவது என்று முடிவெடுக்க வெள்ளிக்கிழமை காலை தலைவரும் நானும் மைதானத்துக்குப் போனோம். தலைவர் சமத்துவத்தில் ஊறியவர்.

"ஓரமா போட்டா ஒரு பக்கத்துக்காரங்களுக்கு நம்ம முதுகுதான்யா தெரியும். நடு எங்கயோ அங்க போடச் சொல்லு."

பந்தல்காரர் நடுவே போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஐயா, நட்டநடுவுல ஒரு இடம் இருக்குங்க. கல்லு மாதிரி கெட்டியா, மட்டமா, நீளமா, யாரோ நமக்காகவே செஞ்சு வச்ச மாதிரி! வெயில் படாம தார்ப்பாய் வேற போட்டு மூடி வச்சிருக்காங்க. அங்கயே போட்டுடட்டுமா?"

"கெட்டியா இருந்தா வேற என்னய்யா வேணும்? பெரிய மனுஷங்க ஏறப்போற மேடை. போடு."

"அந்தத் தார்ப்பாய என்னங்க பண்றது?"

"மேடைக்கு மேல கட்டு. எங்க தலைக்கு ஆச்சு."

அது என்ன இடம் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கிரிக்கெட் சங்கத்தில் குப்பை கொட்டுகிறவனுக்குப் பிட்ச் தெரியாதா? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர், "கேடயம் வாங்கறவங்க லிஸ்ட்ல உன் பேரையும் சேத்துக்கய்யா" என்றார். திறந்த வாயை வீணாக்காமல், "ரொம்ப நன்றி சார்" என்றேன்.

மைதானப் பராமரிப்பாளர் அப்போது அங்கே இல்லை. ரோலரின் உடைந்த கைப்பிடியை வெல்டிங் வைக்கப் போயிருந்தார். மத்தியானம் திரும்பி வந்து பார்க்கிறார்: மூன்று வாரம் தண்ணீர் விட்டு, உருட்டி, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட பிட்ச்சில் வரிசையாகப் பதினாறு குழிகள், குழிக்கு ஒரு கம்பம். மனிதர் தலையில் அடித்துக்கொண்டு குழுக் கூட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார். அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தது தவறு என்று நான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

"ஏன் சார், வாசல்ல கிரிக்கெட் சங்கம்னு போர்டு போட்டிருக்கீங்களே, அது பிட்ச்னு ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

"யோவ், கத்தாத" என்றார் தலைவர். "பிட்ச்ச நாங்க என்ன தூக்கிட்டா போயிட்டோம்? மேடைக்கு அடியில பத்திரமாத்தானே இருக்கு!"

பராமரிப்பாளர் இறங்கி வந்தார். கையைக் கூப்பினார். "சார், பக்கத்துலயே இன்னொரு பிட்ச் இருக்கு. மேடைய இப்பவே எடுத்துட்டீங்கன்னா, கண்ணு மூடாம நின்னு ஞாயித்துக்கிழமைக்கு அதத் தயார் பண்ணிக் குடுத்துடறேன். விழாவ வராந்தாவுல வச்சுக்குங்க சார். உங்க கால்ல வேணா விழறேன்."

வராந்தா என்றதும் குழுவே அதிர்ந்தது. துணைத் தலைவர்தான் முதலில் தேறினார். "வராந்தாவா? மேல இருந்து படம் எடுக்க ட்ரோன் சொல்லியிருக்கு. வராந்தாவுக்குக் கூரை இருக்கேய்யா!"

விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. மேடையை எடுப்பதற்கு ஆதரவு: பூஜ்யம். எடுக்காமலிருப்பதற்கு: பதினொன்று. எங்கள் குழுவின் ஒற்றுமையைப் பார்த்து ஆண்கள் அணி பாடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எங்கே? ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானம் இருந்தது. அங்கே ஆடலாம், ஆனால் அது சர்வதேச அங்கீகாரம் பெற்ற மைதானம் இல்லை. அங்கே ஆடினால் ஆட்டம் கணக்கில் சேராது. விதிப் புத்தகத்தைப் பிரித்து இதைப் படித்துக் காட்டியவன் நான்தான். என் கடமையில் நான் தவறியதே இல்லை.

"சர்வதேச ஆட்டம்னு சொன்னாத்தானே பிரச்சினை?" என்றார் தலைவர். "நல்லெண்ண ஆட்டம்னு போடு. நல்லெண்ணத்துக்கு யாரு அங்கீகாரம் கேப்பாங்க?"

அந்த ஒரு நொடி எனக்குத் தபாலின் முகம் ஞாபகம் வந்தது. "சார், நம்ம பொண்ணு ஒருத்திக்கு இதுல வேலை நிரந்தரமாகற விஷயம்..." என்று இழுத்தேன்.

"ஒருத்திய பாத்தா ஒட்டுமொத்தப் பெண்ணினத்த யாருய்யா பாக்கறது?"

மாற்றத்தைக் கடிதமாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, விருந்தாளி அணியின் மேலாளர் அம்மையாரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவர் கொதித்தார். திங்கட்கிழமை அவர்களுக்கு விமானம், வேறு வழியில்லை. "உங்கள் பெண்களுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். மைதானம் மாறியதைச் சொல்லியிருந்தேன். கணக்கில் சேராது என்பதைச் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன் வீராங்கனையின் மன உறுதியைக் குலைக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் கொள்கை.

சனிக்கிழமை விழா அமர்க்களம். பதினெட்டாயிரம் பேர் அமரும் அரங்கில் இலவசப் பேருந்து விட்டுக் கூட்டம் சேர்த்திருந்தோம். பதினொரு கேடயங்கள். பதினொரு பூங்கொத்துகள். கேடயங்களைக் குழுவினருக்கு வழங்கினார்கள். பூங்கொத்துகளைக் குழுவினருக்குக் கொடுக்கும் வாய்ப்பு வீராங்கனைகளுக்கு வழங்கப்பட்டது. நான்கு மணி நேரம் வெயிலில் நின்று அவர்கள் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மேடை ஏறி என்னிடம் பூங்கொத்து நீட்டியது தபால்தான். "தோள்பட்டை வலிக்குது சார், நாளைக்கு ஆட்டம், நாங்க கிளம்பலாமா?" என்று காதில் கேட்டாள். தலைவர் பேச்சு இன்னும் பாக்கி இருக்கிறது என்பதை நினைவூட்டினேன்.

"பெண்கள் கிரிக்கெட்டை மைதானத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது நாங்கள்தான்!" என்று தலைவர் முழங்கினார். நின்றுகொண்டிருந்த இடத்தை வைத்துப் பார்த்தால், அவர் அன்று பேசியதில் அது ஒன்றுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மைதானத்துக்குக் குழுவின் சார்பில் நான் ஒருவன்தான் போனேன். மற்றவர்கள் விழாக் களைப்பில் இருந்தார்கள். பார்வையாளர்கள் பதினான்கு பேர், அக்காவையும் காவலாளியையும் சேர்த்து.

"எங்க சார் டிவிக்காரங்களக் காணோம்?" என்றார் அக்கா.

"அவங்க நேத்தே எல்லாத்தையும் படம் எடுத்துட்டாங்கம்மா."

"நேத்து ஆட்டமே இல்லையே சார்!"

இப்படி விதண்டாவாதம் பேசுகிறவர்களோடு நான் பேச்சை வளர்ப்பதில்லை. தபால் பந்தோடு ஓடி வருவதற்கு முன் என் பக்கம் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

என்ன பந்துவீச்சு! இதை மட்டும் கிண்டலில்லாமல் சொல்கிறேன். மேடும் பள்ளமுமான அந்தத் தரையில், முந்தின நாள் வெயிலில் நின்று வீங்கிய காலோடு, பத்து ஓவர் வீசினாள். மூன்றாவது விக்கெட்டாக நடு ஸ்டம்ப் பறந்தபோது அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். தோழிகள் ஓடிப்போய் அள்ளித் தூக்கினார்கள். அக்கா வேலிக்கு இந்தப் பக்கம், "நூறுடி! நூறு வந்துடுச்சுடி!" என்று அலறி அழுதார். பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். அதற்கப்புறம் இன்னும் இரண்டு விக்கெட். எங்கள் அணி ஜெயித்தது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் நான் கைதட்டினேன்.

திங்கட்கிழமை அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றாள். கையில் அந்தப் பந்து. உள்ளே வந்ததும் அதை என் மேஜையில் வைத்தாள்.

"நூத்தி ரெண்டு சார்!"

சான்றிதழை நீட்டினேன். வாங்கிப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"சார், தொண்ணூத்தேழுன்னு அடிச்சிருக்காங்க. தப்பா வந்திருக்கு."

"தப்பில்லம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அங்கீகாரம், மைதானம், நல்லெண்ணம், மேடை. அடுத்த சுற்றுப்பயணம் வரும்போது நிச்சயம் கவனிப்போம் என்றும் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நேத்து காலைல என்னைப் பாத்து விரலத் தூக்கிக் காட்டினீங்களே, அப்பவே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"கை தட்டினீங்களே."

"நல்லா போட்டியேம்மா, அதான்."

அவள் சான்றிதழை மடித்துக்கொண்டாள். "ஏமாத்தணும்னா முதல் ஓவருக்கு முன்னாடியே சொல்லி ஏமாத்தியிருக்கலாமே சார். பத்து ஓவர் ஓட விட்டுட்டீங்களே."

திரும்பி நடந்தாள். "பந்த மறந்துட்டுப் போறியேம்மா" என்றேன்.

"அது உங்க நல்லெண்ணம் சார். நீங்களே வச்சுக்குங்க."

செவ்வாய்க்கிழமை அவளுடைய வயது முடிந்தது. அதே வாரம் வேலையும் முடிந்தது என்று கேள்வி. நான் வருத்தப்பட நேரமில்லை. சுற்றுப்பயண அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. நீளமான படிவம். 'மகளிர் மேம்பாட்டு நிகழ்ச்சிகள்' என்ற பகுதிக்கு இடம் போதாமல் தனித்தாள் இணைத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: 'சுற்றுப்பயணத்தின்போது காயமடைந்த வீராங்கனைகள் எத்தனை பேர்?'

'எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து கோணவே இல்லை. இருபத்திரண்டு வருட அனுபவம்.