மூன்றாம் மாடிக்குப் போன நாற்காலி

படிக்கட்டின் அடியில் நின்று தையல்காரர் அண்ணாந்து பார்த்தார். விசாரணை மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது.

"மெதுவா ஏறிடலாம் மாமா" என்றான் மச்சினன்.

"ஏறினா கேஸே போச்சுடா."

சங்கதி இதுதான். வலது முட்டி தேய்ந்துபோய், மெஷினை மிதிக்க முடியாமல் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. ஆபரேஷன் செலவைக் கேட்டால், 'உங்களால் மாடிப்படி ஏற முடிகிறது, ஆபரேஷன் அவசியமில்லை' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. மனிதர் விடவில்லை. காப்பீட்டுக் குறைகளை விசாரிக்கும் அரசாங்க அதிகாரிக்கு மனுவுக்கு மேல் மனு போட்டு இந்தத் தேதியை வாங்கியிருந்தார். வராவிட்டால் மனு தள்ளுபடி. படியேறி வந்து நின்றாலோ, கம்பெனி வக்கீலுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

"என் கால் ஒரு படியிலகூடப் படாது" என்றார்.

"அப்ப பறந்தா போவீங்க?" என்றாள் மனைவி.

மச்சினன் குனிந்தான். அவன் முதுகில் உப்புமூட்டை ஏறினார். நாலைந்து படிதான்; மச்சினன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"பாலிசி எடுக்கும்போது உங்க எடையச் சரியாத்தான் சொன்னீங்களா மாமா?"

"பேசாம இறங்கு. என்னைப் படியில விட்டுடாத."

மனைவி சுற்றுமுற்றும் பார்த்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை போட்டு, கைவைத்த நாற்காலியில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனு எழுதித் தருகிறவராக இருக்கும்.

"பெரியவரே, கொஞ்சம் எந்திரிங்க. நாற்காலி வேணும்."

"அம்மா, நான் இங்க உட்கார்ந்திருக்கறதே எதுக்குன்னா..."

"அந்தக் கதையெல்லாம் அப்புறம் சொல்லுங்க. இவரால நிக்க முடியல."

"எனக்கும் முட்டிவலிதாம்மா."

"எல்லாருக்கும்தான் வலிக்குது. நீங்க என்ன கேஸா போட்டிருக்கீங்க?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நாற்காலி கிளம்பியது. முன்னால் மச்சினன், பின்னால் மனைவி, நடுவில் ராஜா மாதிரி தையல்காரர். முதல் மாடியில் மச்சினனின் சட்டை அக்குளில் டர்ரென்று கிழிந்தது.

"தைச்சுத் தரேன், நிறுத்தாத."

"இதுவே நீங்க தைச்சதுதான் மாமா."

இரண்டாம் மாடியில் மனைவியின் செருப்பு வார் அறுந்தது. செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு மறுபடி தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து கம்பெனி வக்கீல் இறங்கி வந்தார். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு பலமாக முனகினார். வக்கீல் ஒதுங்கி வழிவிட்டார். நாற்காலியை ஒருதரம் உற்றுப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று கீழே போய்விட்டார்.

"பாத்தியா, நம்மளப் பாத்ததும் ஓடுறான். கேஸ் நமக்குத்தான்."

அந்தச் சந்தோஷத்தில் மூன்றாம் மாடி வந்ததே தெரியவில்லை. விசாரணை அறை பூட்டியிருந்தது. வாசலில் பியூன் மட்டும் நின்றிருந்தார்.

"அதிகாரி எங்க? முட்டிவலி கேஸுக்கு வந்திருக்கோம்" என்றாள் மனைவி, மூச்சு வாங்க.

"முட்டிவலிக்காரர் படியேற வேண்டாம்னு அவர் விசாரணையக் கீழேயே வச்சுட்டாரே" என்ற பியூன், குனிந்து நாற்காலியைத் தடவிப் பார்த்தார். "அது இருக்கட்டும், அவரு உட்கார்ந்திருந்த நாற்காலிய எதுக்கு மேல தூக்கிட்டு வந்தீங்க?"