கழுதை நக்கிய கோல் கோடு

புத்தளம் களப்பு நீரோரத்துப் பழைய மைதானத்தில் அதிக ஆட்டங்களைத் தீர்மானித்தவர், வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தை உதைக்காத சுண்ணாம்பு நானாதான். கோடு போடுவது அவர் வேலை. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அங்கே முதலில் ஆடியவை இரண்டே அணிகள்: உப்பளத்து அணி, மீன்காரர் அணி. யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் அகதி முகாமில் மூன்றாவது அணியைத் தொடங்கினார்கள். பார்வையாளருக்குப் பலகை ஆசனங்கள் ஏழு வரிசை, உட்காரக்கூடியவை நான்கு. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். நானாவுக்கு முகாம் அணிமீது வெறி. அவர்கள் தோற்ற நாளில் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார்.

யுத்தம் முடிந்ததும் முகாம் குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கின. உப்பளத்து அணியோடு ஆடும் இறுதி ஆட்டம்தான் அவர்களுக்கு இங்கே கடைசி. கேடயத்தோடுதான் ஊர் போவது என்று பதினொரு பேரும் நிய்யத்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்கென்று கடையில் சுண்ணாம்பு இல்லை. நானா பாலாவி உப்பளத்திலிருந்து ஐந்து மூட்டை உப்பு கொண்டுவந்து கோடு போட்டார்.

"நானா, தெருக் கழுதை வருமே!" என்றேன்.

"கழுதைக்கு ஃபுட்போல் விளங்குமா மாஸ்டர்?"

கழுதைகளுக்கு உப்பு விளங்கியது. இடைவேளையில் ஒன்பது வந்தன. விரட்டி முடிப்பதற்குள் களப்புப் பக்கத்துக் கோல் கோட்டைக் காணவில்லை. மீண்டும் போட உப்பும் இல்லை. நானா கம்போடு கோல் கம்பத்தருகே காவல் நின்றார்.

கடைசி நிமிடம். உப்பளத்தான் அடித்த பந்தை முகாம் அணியின் கோல் காப்பாளன் மல்லாக்க விழுந்து பிடித்தான். உள்ளேயா, வெளியேயா? கோடே இல்லையே! நடுவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"கிட்ட நின்டது நீங்கதான். செல்லுங்க நானா, தாண்டினதா?"

"தாண்டல்ல என்டு செல்லுங்க நானா!" கோல் காப்பாளன் கெஞ்சினான்.

நானாவின் கையிலிருந்து கம்பு விழுந்தது.

"தாண்டிட்டு மகன். ஒரு சாண்."

ஒன்றுக்குப் பூச்சியம். கேடயம் உப்பளத்துக்குப் போனது. நானா மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

நான்காம் நாள், ஊர் போகும் லொறி அவர் வாசலில் நின்றது. கோல் காப்பாளன் இறங்கிக் கதவைத் தட்டினான்.

"வெளிய வாங்க நானா. ஊரில பத்தைக் காடு வெட்டி ஒரு கிரவுண்ட் போடப்போறம். கோடு போட நீங்க வரோணும்."

"ஒங்களத் தோக்கடிச்சவன் நான்தானே?"

"அதுக்காகத்தான் கூப்பிடுறம்."

ஒரு கிழமையில் திரும்பி வருகிறேன் என்று லொறியில் ஏறிப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். இங்கே இப்போது மெசினால் கோடு போடுகிறார்கள். எல்லாம் நேராகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.