பாலத்தில் மூச்சுமுட்டிய கார்

பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் கேதீஸ்வரி மூன்று தரம் மெக்கானிக்கின் நம்பரை அழுத்தி, மூன்று தரமும் வெட்டிவிட்டாள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காருக்குள் இருப்பவற்றின் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றைச் சொல்லி, அந்த மெக்கானிக் நன்றாக இருப்பதைக் கழற்றிவிட்டால்?

மகள் கம்சாயினிக்கு இது ஒன்பதாம் மாதம். மருமகன் கட்டாரில். பழுகாமத்திலிருந்து களுவாஞ்சிகுடி ஆசுபத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அந்தப் பாலத்தில்தான் கார் நிற்கும்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, போகிற ஒவ்வொரு நாளும். வயல்வட்டை ஓரத்து ரோட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பாலத்து ஏற்றம் தொடங்கியதும் இழுவை குறையும். இருமும். ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். பிறகு சாவியைத் திருப்பினால் முனகல்தான். பாலத்தில் வலை வீசுகிறவர்கள் இப்போதெல்லாம் கூப்பிடக் காத்திருப்பதில்லை. தூரத்தில் காரைக் கண்டதும் வலையை வைத்துவிட்டுத் தள்ளுவதற்கு வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

வேறு வீடென்றால் காரைக் கராஜில் விட்டிருப்பார்கள். ஆனால் கேதீஸ்வரியின் கணவர் அருமைநாயகம், கிராமத்து மருந்துச்சாலையில் முப்பது வருசம் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை ‘டொக்டர் ஐயா’ என்றது. அவர் ஒருநாளும் அதைத் திருத்தவில்லை.

“மனிசனுக்கே வருத்தம் கண்டுபிடிச்சவன் நான். ஒரு காருக்கு ஏலாதா?”

புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து, நோயாளியின் பெயருக்குக் காரின் நம்பரை எழுதினார். வயது நாற்பத்தொன்று. நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை எஞ்சினில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“என்னவாம்?” என்றாள் கேதீஸ்வரி.

“சத்தம் போடாத புள்ள. சளி கட்டியிரிக்கி.”

பிளக்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். பாலத்தில் நின்றது. பற்றரிக்கு சார்ஜ் ஏற்றினார். பாலத்தில் நின்றது. கார்பரேற்றரைக் கழற்றி, பழைய சிரிஞ்சால் காற்றடித்துப் பூட்டினார். ஒரு ஸ்குரூ மிஞ்சியது.

“இஞ்சருங்க, இது எங்க போறது?”

“அது தேவையில்லாதது. மனிசருக்குக் குடல்வால் இரிக்கில்லையா? அது மாதிரி.”

அன்றும் பாலத்தில் நின்றது.

“அப்ப ஓட்டோ ஒண்டுக்குச் சொல்லிவைப்பமே,” என்று கெஞ்சினாள்.

“என்ர பேரப்பிள்ளை ஓட்டோவில வாறதோ? நான் உயிரோட இரிக்கக்குள்ளயா?”

“விடுங்கம்மா,” என்றாள் கம்சாயினி வயிற்றைத் தடவிக்கொண்டு. “பாலத்துலயே பிறக்கட்டும். பட்டிருப்பான் எண்டு பேர் வைப்பம்.”

மகள் சிரித்தாள். கேதீஸ்வரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் தரம் நம்பரை அழுத்தியபோது அவள் வெட்டவில்லை. காத்தான்குடி மெக்கானிக் அஸ்கர் பேசினார்.

“தம்பி, நான் சொல்றது பிழையெண்டா குறை நினைக்காதீங்க. ஐயாவுக்கும் தெரியக்கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“வீட்டில உடனே ஸ்டார்ட் ஆகும். பாலம் வாறவரைக்கும் நல்லா ஓடும். மறுகா களைச்சு நிண்டிரும்.”

“நிண்டா ஐயா என்ன செய்வார்?”

“தள்ளி அங்கால கொண்டுபோய், பெற்றோல் இரிக்கா எண்டு மூடியத் திறந்து பாப்பார். மூடுவார். காரைக் கொஞ்ச நேரம் ஏசுவார். மறுகா ஸ்டார்ட் ஆகும். ஏசினதாலதான் ஆனதெண்டு நினைச்சுக்குவார்.”

“மூடியத் திறக்கக்குள்ள சத்தம் ஏதும் வருதா?”

வருகிறதுதான். அதை எப்படிச் சொல்வது?

“குசினியில நடக்கிற மாதிரிச் சொல்லட்டா தம்பி? ரின்பால் ரின்னில ஒரு ஓட்டை மட்டும் போட்டா பால் வராது. மற்றப் பக்கமும் குத்தினா, உஸ் எண்டு காத்து உள்ளுக்குப் போகுமே. அந்தச் சத்தம்.”

சொல்லி முடித்த கையோடு, பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, வெட்டுவதற்கு விரலைக் கொண்டுபோனாள்.

“அக்கா, இதைவிட வடிவா எனக்கே சொல்லத் தெரியாது,” என்றார் அஸ்கர். “பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள்ள காத்துப் போகோணும். அதுக்கு மூடியில சின்ன ஓட்டை இரிக்கி. அதைத்தான் ஏதோ அடைக்குது. போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தாள். மூடிக்கு உள்ளே, நாலாக மடித்த லன்ச் சீற், சோற்றுப் பார்சல் சுற்றுகிற மெல்லிய பொலித்தீன்.

கண்டதுமே யார் வேலையென்று தெரிந்துவிட்டது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருசம், அருமைநாயகமும் இரண்டு பகல் நின்றார். திறந்து வைத்தால் பெற்றோல் ஆவியாகப் போய்விடும் என்று அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. “ஒரு மூச்சுக்கூட வெளிய போக விடமாட்டன்” என்று அவர் கண்டுபிடித்த வைத்தியம் இது. கிழியக் கிழியப் புதிது வைத்துக்கொண்டு வருகிறார் போலும்.

இதை அவரிடம் சொல்லலாம். சொன்னால் அவர் அதை எடுக்கமாட்டார். இன்னும் ஒன்று வைப்பார். முப்பது வருசத்தில் கேதீஸ்வரி படித்த படிப்பு அது. சேலையிலிருந்த ஊசியைக் கழற்றி, லன்ச் சீற்றில் ஏழெட்டு இடத்தில் குத்தி, இருந்தபடியே மூடிவைத்தாள்.

நாலாம் நாள் பின்னேரம் கம்சாயினிக்கு வலி வந்தது. பின் சீற்றில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பாலம் வரும்வரை கேதீஸ்வரி கண்ணகை அம்மனைக் கூப்பிடுவதை விடவில்லை. வலைக்காரர்கள் வலையை வைத்துவிட்டு வந்து நின்றார்கள். கார் ஏறியது. இருமவில்லை. குலுக்கவில்லை. தள்ளுவதற்கு நீட்டிய கைகளோடு அவர்கள் பார்த்திருக்க, பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

“கண்டியா?” என்றார் அருமைநாயகம். “குடல்வாலை எடுத்தது சரிவந்திட்டு.”

பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். மூன்றாம் நாள் அவர்களைக் கூட்டிவர வேண்டும். அதற்கு முந்தின நாள் பெற்றோல் அடிக்கப் போன அருமைநாயகம், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு முகம் கறுத்து வீட்டுக்கு வந்தார்.

“எறும்பு அரிச்சிரிக்கி புள்ள! எவ்வளவு பெற்றோல் ஆவியாப் போச்சோ! உன்ர தையல் துணிக்குள்ள ரெக்சின் கிடக்கும். தடிப்பா, வட்டமா ஒண்டு வெட்டித் தா.”

கேதீஸ்வரி மறுபேச்சுப் பேசவில்லை. வெட்டினாள். தையல் மெசினில் உட்கார்ந்து கடகடவென்று மிதித்தாள்.

“என்னத்துக்குத் தையல்?”

“ரெட்டையா வரி ஓட்டிவிட்டா உரியாது. பாதுகாப்புத்தானே.”

அவருக்கு அது பிடித்துக்கொண்டது. வாங்கி மூடிக்குள் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

“இனி இதுக்குள்ளால காத்துக்கூடப் போகாது.”

“எங்கால போறது,” என்றாள் கேதீஸ்வரி.

அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போகும்வரை பொறுத்திருந்தாள். பச்சைப்பிள்ளை வரப்போகிற கார். பயம் விடவில்லை. ரெக்சினைக் கழற்றிக்கொண்டு வந்து இன்னும் மூன்று வரி ஓட்டினாள், முதல் இரண்டு வரியையும் போலவே, ஊசியில் நூல் கோக்காமல்.