பதினாறு நிமிடம்

"காலாவதி ஆயிருச்சு சார். ஒரே ஒரு நிமிஷம் பிந்திட்டீக," என்று போனில் சொன்னாள் கம்ப்யூட்டர் சென்டர் ரோஷினி.

பலவேசம் ஆலையின் கேட்டருகே நின்றபடி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரையில் ஆறு இலக்க எண் ஒன்று இருந்தது. பதினைந்து நிமிடம் உயிரோடு இருந்துவிட்டுச் செத்துப்போன எண்.

"இன்னொண்ணு அனுப்பும்மா."

"சைட் படுத்திருச்சு சார். ஜூலை மாசம்லா, வரிக் கணக்குக் குடுக்க ஊரே உள்ள நுழையுது. அது எப்ப எந்திரிக்குதோ அப்பத்தான் அனுப்ப முடியும். சார், அப்புறம் இன்னொரு விசயம், நீங்க பழைய வரி முறைதான் வேணும்னு…"

"பழசுதாம்மா. புதுசுல பென்சனுக்கு வரிக் கழிவு கிடையாது. நான் எல்லாம் படிச்சுட்டேன். வை."

பலவேசம் அந்தப் பட்டாசு ஆலையின் மேலாளர். இருபத்திரண்டு வருட வேலை, ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் சம்பளம். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலை எட்டு மணிக்கு எல்லோருடைய போனும் கேட்டில் இருக்கிற கண்ணாடி மூடிப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டிக்குக் காவல் கேட் காவலாளி ஊர்க்காவலன். எந்த போன் மினுங்கினாலும் எட்டிப் பார்த்து வாசித்துவிடுவார். பகல் முழுக்க அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

வெடிமருந்து கலக்கும் அறைகள் ஆலையின் கடைசியில் இருந்தன. ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்கக் கூடாது என்பதற்காக அறைக்கு அறை இடைவெளி விட்டுக் கட்டியது. கேட்டிலிருந்து அங்கே எட்டு நிமிட நடை. ரோஷினி கூப்பிட்டதும் ஊர்க்காவலன் உள்ளே நடந்துபோய்ச் சொல்ல எட்டு நிமிடம். பலவேசம் கேட்டுக்கு நடந்துவர எட்டு நிமிடம். ஆகப் பதினாறு. எண்ணுக்கு ஆயுள் பதினைந்து.

ஓட முடியாது. அந்த ஆலையில் யாரும் ஓடுவதில்லை. ஒருவர் ஓடினால் ஏன் என்று கேட்காமல் மற்ற எல்லோரும் ஓட வேண்டும் என்பது அங்கே விதி. கேட்டுச் சுவரில் அதைச் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்ததே பலவேசம்தான்.

"அண்ணாச்சி, அந்த நம்பரை நானே அந்தப் பிள்ளைக்கு போன் போட்டுச் சொல்லிருதேனே," என்றார் ஊர்க்காவலன்.

"ஓ.டி.பி.யை யாருட்டயும் சொல்லக் கூடாதுலே. பேங்க்குல எழுதிப் போட்டிருக்கான்."

"அந்தப் பிள்ளைட்ட மட்டும் சொல்லுதீக?"

"அது வேற. நான் சொல்லுதேன், நான் பொறுப்பு."

"நான் பாத்துட்டேனே அண்ணாச்சி. மேலாப்புலயே தெரியுதே."

"பாத்ததை மறந்துரு."

ஊர்க்காவலன் கண்ணை மூடித் திறந்தார். "மறந்துட்டேன்," என்றார்.

பிரச்சினை பத்தாயிரத்து நானூறு ரூபாய். போன மார்ச்சில் பலவேசம் பென்சன் திட்டத்தில் ஐம்பதாயிரம் கட்டியிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அறுபதில் எடுக்கலாம். அதற்குள் கம்பெனி அவர் சம்பளத்தில் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் வரி பிடித்துக் கட்டிவிட்டது. பென்சனில் போட்ட பணத்துக்கு வரி கிடையாது என்பதால், அதில் பத்தாயிரத்து நானூறைத் திருப்பிக் கேட்கலாம். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஐம்பதாயிரம் அவர் மனைவி பொன்னுத்தங்கத்தின் வளையல்களை மீட்கச் சேர்த்து வைத்திருந்தது. மகள் பிரீத்திகாவின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு லட்சத்துக்கு அடகு வைத்த வளையல்கள். பாதி சேர்ந்திருந்தது. அதை எடுத்துப் பென்சனில் போட்டுவிட்டு வந்து சொன்ன அன்று அவள் சத்தம் போடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அறுபது வயசு வரைக்கும் இருப்பேன்னு கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டீகளோ?"

"இருக்க மாட்டனா?"

"வெடிச் சத்தம் கேக்கையில எல்லாம் வெளிய வந்து எந்தப் பக்கம் புகையுதுன்னு பாக்கது நானு. எங்கிட்ட கேக்கீக."

"வரியில பத்தாயிரத்து நானூறு திரும்ப வரும், பொன்னு. அதைச் சுளையா ஒங்கையில தாரேன். அப்ப தெரியும் நான் செஞ்சது புத்தியா இல்லையான்னு."

"பாப்போம்," என்றாள்.

அதற்குப் பிறகு நாலு மாதமாக அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அது அவரை உறுத்தியது. அந்தப் பத்தாயிரம் வராவிட்டால் அவள் வாழ்நாள் முழுக்கப் பேச மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

ஆலையில் அவருக்கு இன்னொரு உறுத்தல் மணிகண்டராஜ். இளம் கெமிஸ்ட். ஏறக்குறைய அதே சம்பளம். "பென்சன்ல போடுடா, வரியாவது மிஞ்சும்," என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. "பாக்கலாம் சார்," என்று மூன்று தடவையும் சிரித்தான். பொறுப்பில்லாத பயல். போன வருடம் ஏப்ரலில் ஆபீஸில் பழைய வரி முறையா புதிதா என்று கேட்டபோது, அவனுக்கும் சேர்த்துப் பலவேசம்தான் சொன்னார்: "எல்லாருக்கும் பழசே இருக்கட்டும்."

லீவு போட வழியில்லை. தீபாவளி ஆர்டர் குவிந்திருந்தது. மேலாளர் இல்லாமல் மருந்து அறையைத் திறக்கக் கூடாது. மாலையில் இருப்பைச் சரிபார்த்துப் பூட்டிவிட்டு அவர் கிளம்ப ஆறரை ஆகும். ஆமத்தூரில் ரோஷினியின் கம்ப்யூட்டர் சென்டர் ஆறு மணிக்கு மூடிவிடும். மதிய இடைவேளையில் கேட்டில் வந்து உட்கார்ந்து பார்த்தார். இரண்டு நாளும் அந்த நேரத்தில் சைட் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் சுமக்கும் இருளம்மாள் பாதி வழியில் இருக்கிற தொட்டியருகேதான் இருப்பாள். ஊர்க்காவலன் கேட்டிலிருந்து துண்டை வீசினால் அவள் உள்ளே வந்து சொல்ல வேண்டும். பதினாறு நிமிடம் பன்னிரண்டாகக் குறையும்.

அன்று பத்தே முக்காலுக்குத் துண்டு வீசப்பட்டது. இருளம்மாள் பார்த்தாள். குடத்தை நிறைத்தாள். வழியில் இருந்த ஒன்பது அறைகளிலும் தண்ணீர் ஊற்றினாள். பத்தாவதாகப் பலவேசத்திடம் வந்தாள்.

"ஐயா, ஒங்களைக் கேட்டுல தேடுதாக."

"எப்ப?"

"அது ஆச்சு கொஞ்ச நேரம்."

"வீசுனதும் வரணும்னு சொன்னேன்லா?"

"வெறுங்கையோட எப்டி வர? வந்த தண்ணியைக் குடுத்துட்டுத்தான வரணும்."

அந்த எண்ணும் செத்தது. கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. கெடு தாண்டினால் பழைய முறையில் கேட்க முடியாது. பென்சன் கழிவும் போய்விடும்.

மறுநாள் காலை போனைப் பெட்டிக்குள் வைத்தபோது பலவேசம் ஊர்க்காவலனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இன்னைக்கு நீயே வா. ஆனா கொஞ்சம் வெரசா வா."

"வெரசான்னா எம்புட்டு வெரசு?"

"ஒரு நிமிசம் மிச்சம் புடிக்கணும். அவ்ளோதான்."

ஊர்க்காவலன் தலையாட்டினார்.

பதினொன்றரைக்கு ரோஷினி கூப்பிட்டாள். ஊர்க்காவலன் கேட்டைப் பூட்டினார். முதல் ஐந்து அறைகள் வரை வேக நடை. ஆறாவது அறை தாண்டும்போது நேரம் போதாது என்று பட்டது. ஓடினார். தொப்பி விழுந்தது. எடுக்கவில்லை.

ஏழாவது அறையில் திரி வெட்டிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி அதைப் பார்த்தாள். கேட்டிலிருந்து காவலாளி தொப்பி இல்லாமல் உள்ளே ஓடிவருகிறார். அவள் எதுவும் கேட்கவில்லை. கத்திரியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். அறையில் இருந்த மற்ற மூவரும் ஓடினார்கள். அடுத்த அறை ஓடியது. அதற்கடுத்தது ஓடியது. யாரும் கத்தவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எண்பத்தாறு பேரும் வேலியின் நான்கு வாசல்களாலும் பிரிந்து, முட்டிக்கொள்ளாமல், இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிட்டார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பலவேசம் நடத்தும் ஒத்திகையில் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை.

பலவேசமும் ஓடினார். மருந்து அறையிலிருந்து முதலில் வெளியே வந்தவர் அவர்தான். வேலிக்கு அப்பால் சீமைக் கருவேலத்துக்குள் நுழைந்து, முள் கிழித்து, ஒரு செருப்பை விட்டுவிட்டு, தரையில் குப்புறப் படுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அப்போது அவர் பென்சனை நினைக்கவில்லை. எந்த அறை என்று மட்டும் நினைத்தார். யார் உள்ளே என்று நினைத்தார்.

பின்னால் முள் முறியும் சத்தம் கேட்டது. ஊர்க்காவலன் மூச்சிரைக்க வந்து அவர் பக்கத்தில் விழுந்தார்.

"எங்கலே? எந்த ரூம்?"

"அண்ணாச்சி…" அவருக்கு மூச்சு வரவில்லை. "நீங்க ஏன் ஓடுதீக? எம்புட்டுத் தூரம் தொரத்திட்டு வாரேன்… ஓ.டி.பி. வந்திருக்கு."

பலவேசம் கொஞ்ச நேரம் மண்ணிலேயே கிடந்தார்.

அதற்குள் யாரோ சாலையில் போன லாரிக்காரரிடம் போனை வாங்கிப் பேசிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. முதலாளி வந்தார். ஆமத்தூரிலிருந்து ஆட்டோக்களிலும் லோடு வண்டிகளிலும் சனங்கள் வந்து இறங்கினார்கள். வந்த பெண்கள் ஆலையைப் பார்க்கவில்லை. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். தேடிய முகம் கிடைத்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

பொன்னுத்தங்கம் செருப்பில்லாமல் வந்தாள். பலவேசத்தின் இரண்டு கைகளையும் பிடித்து விரித்து விரல்களை எண்ணினாள். பத்தும் இருந்தன.

"எங்க வெடிச்சுச்சு?"

"வெடிக்கல."

"அப்ப எதுக்கு ஓடுனீக?"

அவர் சொன்னார். பென்சன் என்றார். ஓ.டி.பி. என்றார். பதினாறு நிமிடம் என்றார். சுற்றி எண்பத்தாறு பேரும் அவர்கள் வீட்டுச் சனங்களும் நின்று கேட்டார்கள்.

பொன்னுத்தங்கம் அவர் கையை விட்டாள். "எம்புட்டுன்னு சொன்னீக?"

"பத்தாயிரத்து நானூறு."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

முதலாளி அவரைத் தனியே கூப்பிட்டார். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பீஸ் ரேட்டுக்கு வேலை பாக்குற சனம் பலவேசம். அரை நாள் போச்சு. ஆளுக்கு நூத்திருபது குடுக்கணும். கம்பெனி குடுக்கதா, நீங்க குடுக்கீகளா?"

"நானே குடுத்துருதேன்."

எண்பத்தாறு பேருக்குப் பத்தாயிரத்து முந்நூற்று இருபது.

"இனிமே இன்னைக்கு அறையைத் தொறக்க வேண்டாம். அந்த நம்பரை இப்பவே போய்க் குடுத்துட்டு வாங்க. நாளைக்கும் என்னால ஓட முடியாது," என்றார் முதலாளி.

பலவேசம் முழங்கையில் ரத்தத்தோடு ரோஷினியின் சென்டரில் போய் உட்கார்ந்தார். பொன்னுத்தங்கம் வாசலில் ஆட்டோவிலேயே இருந்தாள். சைட் எழுந்திருந்தது. எண் பன்னிரண்டு நொடியில் வந்தது.

"சார், அமுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இந்தப் புது முறைல ஒங்க சம்பளத்துக்கு…"

"ஏம்மா, எம்புட்டுத் தடவை சொல்ல? புதுசுல பென்சன் கழிவு உண்டா, இல்லையா?"

"இல்ல சார். ஆனா…"

"அப்ப பழசை அமுக்கு."

அவள் அவருடைய முழங்கையைப் பார்த்தாள். கிழிந்த சட்டையைப் பார்த்தாள். அமுக்கினாள். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாலை. பலவேசம் மருந்து அறையைப் பூட்டிவிட்டுக் கேட்டுக்கு வந்தார். ஊர்க்காவலன் போனை நீட்டினார்.

"வந்திருச்சு அண்ணாச்சி. பத்தாயிரத்து நானூறு."

பலவேசம் செய்தியைத் தானும் ஒரு முறை வாசித்தார். கூலிக்குக் கொடுத்தது, ரோஷினிக்குக் கொடுத்தது எல்லாம் போக இருநூற்று இருபது ரூபாய் நட்டம். பரவாயில்லை. மாதக் கடைசிச் சம்பளத்திலிருந்து எடுத்துப் பத்தாயிரத்து நானூறையும் சுளையாகப் பொன்னுத்தங்கத்தின் கையில் வைத்துவிடலாம். கேட்டது வந்துவிட்டது. சொன்ன சொல் நின்றுவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"பாத்தியாலே? முறைப்படி கேட்டா கவர்மென்ட் திருப்பித் தரும். அந்த மணிகண்டராஜுகிட்டயும் சொல்லு. விவரம் இல்லாத பய."

ஊர்க்காவலன் பெட்டியை மூடிப் பூட்டினார்.

"அவரு போனுலயும் இதே மெசேஜ் வந்துச்சு அண்ணாச்சி. பென்சனும் கட்டல, ஒண்ணும் கட்டல, பழசு வேண்டாம்னு புதுசை அமுக்குனாராம். பன்னெண்டு லச்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னு புடிச்சது பூராவும் திருப்பிக் குடுத்துட்டான், ஒரு லச்சத்துப் பதினோராயிரம்."