நாக்கு மாமியின் உள்ளங்கால்

திருவனந்தபுரத்தில் நாக்கு மாமியிடம் நாக்கை நீட்டாமல் தப்பித்தது எங்கள் வகுப்பில் தொங்கிய எலும்புக்கூடு ஒன்றுதான். அதற்கு நாக்கு இல்லை.

கிழக்கேகோட்டையில் ஒரு மாடியில் இரண்டு வருட ஹோலிஸ்டிக் ஹெல்த் டிப்ளமா படித்தோம். ஸ்ரீவராகத்திலிருந்து வரும் மாமிக்கு எங்களைப்போல இரண்டு மடங்கு வயது. நாக்கைப் பார்த்து உடம்பைச் சொல்லும் பாடம் நடந்த அன்று பிடித்த பைத்தியம் அது. டிக்கெட் கொடுக்க வந்த பஸ் கண்டக்டரையே, "நீட்டுங்கோ, பாக்கலாம்!" என்றார். அவரும் நீட்டினார். "வெள்ளையா பூத்திருக்கே, ராத்திரி பொரோட்டாவா?" கண்டக்டர் பொரோட்டாவுக்குக் கணக்குச் சொல்லி முடிப்பதற்குள் பாதி பஸ் டிக்கெட் இல்லாமலே இறங்கிப் போய்விட்டது.

அப்படிப்பட்ட மாமிக்கு உள்ளங்காலில் மட்டும் பயங்கரக் கூச்சம். செய்முறை வகுப்பில் டீச்சர் தொட்டதும் விட்டார் ஓர் உதை. எண்ணெய்க் கிண்ணம் ஃபேனில் பட்டு, வகுப்பு மொத்தமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டது. அதன்பின் அந்தக் கால் பக்கம் யாரும் போகவில்லை.

கடைசிப் பரீட்சை, கால் மசாஜ். படுக்க ஆளை நாமே கூட்டிவர வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள் நான். இதிலும் போனால் டிப்ளமாவும் இல்லை, கோவளம் ரிசார்ட்டில் சொல்லிவைத்திருந்த வேலையும் இல்லை. வருவதாகச் சொன்ன அத்தை மகளோ, நின்றுபோன ரயிலில் பாறசாலையில் கிடந்தாள். என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெறும் மேஜை முன்னால் போய் நின்றேன்.

மாமி விறுவிறுவென்று வந்து மேஜையில் ஏறிப் படுத்தார்.

"மாமி, வேண்டாம்! உங்களுக்குக் கால்ல..."

"வாய மூடிண்டு எண்ணெய எடுடீ."

பரீட்சை நடத்த வந்த டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்தார். "பேஷண்ட் அசைஞ்சா மார்க் போச்சு, கேட்டோ!"

தொட்டேன். மாமியின் விரல்கள் விறைத்தன. மேஜைதான் கிடுகிடுவென்று ஆடியது; கால் அசையவில்லை. கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மாமி முகம் சிவந்து, கண்ணீர் காதுவரை ஓடியது.

டாக்டரம்மா குனிந்தார். "வேதனை உண்டோ?"

வாயைத் திறந்தால் சிரிப்பு வெடித்துவிடும். பல்லைக் கடித்தபடியே மாமி, "சு...கம்" என்றார்.

"கொள்ளாம்," என்று மெச்சித் தலையாட்டினார். "இனி அடுத்த கால்."

மாமி கண்ணை இறுக மூடி அந்தக் காலையும் நீட்டினார்.

பாஸ்! வெளியே வந்ததும் மாமி படிக்கட்டில் உட்கார்ந்து, அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் கட்டடமே அதிரச் சிரித்துத் தீர்த்தார். நான் அழுதுகொண்டே அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன்.

"தொட்டியோ, கொன்னுடுவேன்!" என்று நாலு படி தாவி இறங்கினார்.

நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டேன். எனக்காக அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக்கிடக்க இந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்?