பூஞ்சை பிடித்த கல்யாணம்

"அப்பா, உங்க கல்யாணக் கேசட் எங்க?"

மகள் கேட்டதும் கண்ணாடிக்கடைக்காரருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அதை டிஜிட்டலாக்கி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பப் போகிறாளாம். அவரவர் போனில் இறக்கிக்கொள்வார்களாம். இறக்கினால் அதில் கல்யாணம் இருக்காது, கிரிக்கெட்தான் இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஓர் இறுதி ஆட்டத்தன்று வீட்டில் காலி கேசட் இல்லை. எதுவும் பதிவாகாமலிருக்க வீடியோக்காரர் கேசட்டின் ஓரத்தில் உடைத்துக் கொடுத்திருந்த ஓட்டையை செல்லோ டேப்பால் மூடி, கல்யாணத்தின் மேலேயே மேட்சைப் பதிவு பண்ணிய புண்ணியவான் அவர். அப்புறம் டேப்பை நைசாக உரித்தும் விட்டார்.

மனைவி நர்ஸ். கத்துகிற ரகமில்லை. தெரிந்தால் ஆயுசுக்கும் பேசமாட்டாள். அதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

"போட்டுப் பாக்க பிளேயர் இல்லையேம்மா" என்றார்.

"அதை நான்தான் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன்" என்றாள் மனைவி.

"கடையில போடுவாங்க" என்றாள் மகள்.

"இது வேற மாடல். அந்தக் காலத்துல ரெண்டு ரகம் போட்டி போட்டுச்சு. நம்மது தோத்துப்போன ரகம். எந்தக் கடையிலயும் மிஷின் இருக்காது."

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி. இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதே இல்லை.

மகள் விடுவாளா? குடும்ப குரூப்பில் கேட்டுவிட்டாள். சகல ரக மிஷினும் இருக்கிற கடையை மச்சான் அரை மணியில் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

லிங்க்கையாவது தடுப்போம் என்று குரூப்பில் எழுதினார்: "போன்ல வேண்டாம். நேர்ல வாங்க, சேர்ந்து பாக்கலாம்." இந்த வேலை நாளில் யார் வரப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. நாற்பத்திரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். மச்சான் பெரிய திரையே வாடகைக்கு எடுத்துவிட்டான். மகள் அன்று சாயங்காலமே கேசட்டைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மதியம் தன் கடையைப் பூட்டிக்கொண்டு அந்தக் கேசட் கடைக்கு ஓடினார். அங்கே கடைக்காரர் மிஷினிலிருந்து அப்போதுதான் கேசட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். உள்ள பூஞ்சை பிடிச்சுப்போச்சு, ஒண்ணும் வரலைன்னு என் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. நான்தான் மேட்ச் பாக்கற வெறியில கல்யாணத்தை அழிச்சுட்டேன். என் மனைவிக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

கடைக்காரர் கேசட்டைத் திருப்பிக் காட்டினார். ஓரத்து ஓட்டையின் மேல் பழைய பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடுவார்களே, அது.

"இது நான் ஒட்டினது இல்லையே" என்றார் இவர்.

"சார், உங்க மேட்ச்கூட இதுல இல்ல, முழுக்க டிவி சீரியல்தான் ஓடுது. 'பூஞ்சைன்னு சொல்லிடுங்க, அவருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோயிடுவார்'னு உங்க வீட்டம்மா காலையிலயே வந்து கெஞ்சிட்டுப் போனாங்க."